ஒரு வீட்டின் பெயர் மட்டும்

ஒஹாயோ, அமெரிக்கா
22.10.2006

அன்பு அவ்வாவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை போனில் இதைச் சொல்ல முடியாது. அப்பா ஸ்பீக்கரைப் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே நிற்பார். அம்மா "சாப்பிட்டியா" என்பதைத் தாண்ட மாட்டாள். அதனால்தான் கடிதம். நீ மட்டும் படி.

படிப்பு பரவாயில்லை. குளிரும் பழகிவிடும். சனி, ஞாயிறுதான் தாங்க முடியவில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆனால் ஹாஸ்டல் காலியாகிவிடுகிறது. என் அறையில் இருக்கும் பெண் கண்ணாடி முன்னால் தலை வாரிக்கொண்டே போய்வருகிறேன் என்கிறாள். நான் மெஸ்ஸில் தட்டை வைத்துக்கொண்டு எந்த மேஜையில் உட்காருவது என்று தெரியாமல் நிற்கிறேன். ஓசூரில் நான் எங்கேயாவது அப்படி நின்றிருக்கிறேனா?

இங்கே சொரொரிட்டி என்று ஒன்று இருக்கிறது. காலேஜ் பெண்களே நடத்தும் சங்கம் என்று வைத்துக்கொள். ஒவ்வொரு சங்கத்துக்கும் ஒரு பெரிய வீடு. சேர்ந்துவிட்டால் அந்த வீட்டுப் பெண்கள் எல்லாரும் அக்கா தங்கை. சேர்ந்து சாப்பிடுவார்கள், சேர்ந்து படிப்பார்கள். கிழவியான பிறகும் நல்லது கெட்டதுக்கு வந்து நிற்பார்களாம்.

சும்மா போய்ச் சேர முடியாது. ஜனவரியில் தேர்வு வாரம். முதல் நாள் எல்லா வீட்டுக்கும் போக வேண்டும். அந்த வீட்டுப் பெண்கள் வாசலில் வரிசையாக நின்று கைதட்டிப் பாடி உள்ளே கூப்பிடுவார்கள். உட்கார வைத்துப் பேசுவார்கள். அப்புறம் அவர்கள் தங்களுக்குப் பிடித்த பெண்களை எழுதுவார்கள், நாங்கள் எங்களுக்குப் பிடித்த வீடுகளை எழுதுவோம். இரண்டும் ஒத்துப்போகிற வீட்டில் மட்டும் மறுபடி கூப்பிடுவார்கள். இப்படிக் குறைந்துகொண்டே போய்க் கடைசியில் ஒரு வீடு.

நான் பெயர் கொடுத்துவிட்டேன். அப்பாவிடம் சொல்லாதே. படிக்க அனுப்பினேனா, சங்கம் சேர அனுப்பினேனா என்பார்.

உன் சுவாதி

*

ஓசூர், பாகலூர் ரோடு
8.11.2006

அருமைப் பேத்தி சுவாதிக்கு அவ்வா கெம்பம்மா எழுதுவது.

உன் கடிதம் கிடைத்தது. ஐந்தாம் வகுப்போடு நின்றவளுக்கு இவ்வளவு நுணுக்கி எழுதினால் என்ன செய்வேன். மாடியில் குடியிருக்கும் பூங்கொடியிடம் கொடுத்தால் ஒரு நிமிஷத்தில் படித்துச் சொல்வாள். கம்பெனிக்குப் போகிற பெண், இங்கிலீஷே தெரியும். ஆனால் நீ மட்டும் படி என்று எழுதிவிட்டாய். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகப் படித்து முடித்தேன்.

நீ என்ன பெயர் சொன்னாலும் எனக்குப் புரிந்துவிட்டது. இது பெண் பார்ப்பது. வீட்டுக்காரர்கள் பெண்ணைப் பார்க்கிறார்கள், பெண்ணும் வீட்டைப் பார்க்கிறாள், இரண்டு பக்கமும் சம்மதம் என்றால் மேலே பேச்சு. அதில் தப்பில்லை. ஆனால் நம் பக்கத்தில் யார் வருகிறார்கள்? பெரியவர்கள் ஒருத்தரும் இல்லாமல், பெண் மட்டும் தனியாக வீடு வீடாகப் போய் வாசலில் நிற்பதா? 

உன் பள்ளிக்கூடத்தில் கூப்பிட்ட போதெல்லாம் நான்தானே வந்தேன். உன் அப்பனுக்கு லேத் பட்டறையை விட்டு வர முடியாது. சிஸ்டர் இங்கிலீஷில் கேட்பார்கள், நான் தமிழில் பதில் சொல்வேன். யாரும் யாருக்கும் குறைந்து போகவில்லை. கெம்பம்மா பேத்தி என்றால் பேரிகை ஊர் வரைக்கும் தெரியும். அங்கே அது யாருக்குத் தெரியும் என்பதுதான் என் கவலை.

உனக்குப் பிடித்த வீடு எது? அந்த வீட்டில் பெரிய மனுஷி யார்? எந்தத் தெரு? எல்லாம் எழுது. கொஞ்சம் பெரிய எழுத்தாக எழுது.

அவ்வா

*

ஒஹாயோ
26.11.2006

அன்பு அவ்வாவுக்கு,

பெரிய எழுத்தாகவே எழுதுகிறேன். பெண் பார்ப்பது என்று நீ எழுதியதைப் படித்துத் தனியாகச் சிரித்தேன். அறையில் இருக்கும் பெண் என்ன என்று கேட்டாள். எப்படிச் சொல்வது?

போன வாரம் எல்லா வீடுகளையும் திறந்து காட்டினார்கள். எனக்குப் பிடித்தது மஞ்சள் கதவு வீடு. வெள்ளைத் தூண், அகலமான படிக்கட்டு. அந்த வீட்டுப் பெண்கள் நடந்து போனாலே மற்றவர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள். மேகன் என்று ஒருத்திதான் தலைவி. என் கையைப் பிடித்துக்கொண்டு "சுவாதி" என்று சரியாகச் சொன்னாள். வந்த நாளிலிருந்து என் பெயரைச் சரியாகச் சொன்ன முதல் ஆள். பெரிய மனுஷி யார் என்று கேட்டாயே, அப்படியும் ஒருத்தர் இருக்கிறார். திருமதி டாரத்தி. வயதானவர். அந்த வீட்டிலேயே தங்கி எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிறார். விலாசத்தையும் கீழே எழுதியிருக்கிறேன். வந்து பார்க்கவா போகிறாய்.

இன்னொன்று செங்கல் வீடு. சின்னது. சோபாவில் ஒரு பக்கம் கிழிந்து போர்வை போட்டிருந்தார்கள். அங்கே ரெனீ என்று சுருட்டை முடிக்காரி, கடைசி வருஷம் படிக்கிறவள். என்னை விடவே இல்லை. ராகி என்றால் என்ன, யானை நிஜமாகவே வயலுக்கு வருமா என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். நல்லவள்தான். ஆனால் அந்த வீட்டை யாரும் பெரிதாகச் சொல்வதில்லை.

கடைசிச் சுற்றில் இரண்டு வீட்டுக்குப் போகலாம். போய்வந்து அட்டையில் முதல் இடம், இரண்டாம் இடம் என்று எழுத வேண்டும். ஒரு வீட்டை மட்டும் எழுதினாலும் செல்லும். ஆனால் அவர்கள் எடுக்காவிட்டால் ஒன்றுமே கிடைக்காது. எனக்கு வழிகாட்ட விட்டிருக்கிற சீனியர் பெண் இரண்டையும் எழுது என்கிறாள். நீ என்ன சொல்கிறாய்?

விதிகள் ரொம்பக் கடுமை. அந்த வீட்டுப் பெண்களுக்கு ஒரு பென்சில்கூடக் கொடுக்கக் கூடாது. அவர்களும் நமக்குக் காபி வாங்கித் தரக் கூடாது. தெரிந்தால் வெளியே அனுப்பிவிடுவார்கள்.

உன் சுவாதி

*

ஓசூர்
10.12.2006

அருமை சுவாதிக்கு,

எழுத்து நன்றாக இருந்தது. ஒரே மூச்சில் படித்தேன்.

சானமாவுக் காட்டிலிருந்து யானைகள் இறங்கி உன் சின்னத் தாத்தா திம்மப்பன் வயலில் ராகியை மிதித்துவிட்டன. நேற்று இங்கே வந்து உட்கார்ந்து, "அண்ணி, அதுங்க தின்னதுகூடப் பரவால்ல, உருண்டு பொரண்டுட்டுப் போயிருக்குதுங்க, என்னமோ மெத்தை போட்ட மாதிரி" என்று சொல்லிச் சிரிக்கிறார். சிரிப்பா அது. அந்தச் சுருட்டை முடிப் பெண்ணிடம் சொல், யானை நிஜமாகவே வரும்.

நீ கேட்டதற்கு வருகிறேன். இரண்டு வீட்டுப் பெயரை எழுதுவது எனக்குப் பிடிக்கவில்லை. என்னைப் பெண் பார்க்க, நான் பிறந்த பாரூருக்கு ஒரே வாரத்தில் இரண்டு இடத்துக்காரர்கள் வந்தார்கள். ஒன்று காவேரிப்பட்டணத்துப் பக்கம், ஒன்று பேரிகை. இரண்டு பேருக்கும் பார்க்கலாம் என்று சொல்லி வையுங்கள் என்று என் சித்தப்பா சொன்னார். என் அப்பா, "ஒரு வாயில ரெண்டு வீட்டுக்கு வாக்குக் குடுக்கறதா" என்று சத்தம் போட்டார். பேரிகைக்கு மட்டும் சொல்லி அனுப்பினார். அவர்களும் வந்தார்கள். நானும் வாழ்ந்தேன்.

இது இல்லாவிட்டால் அது என்று எழுதி வைத்தால் அந்த மஞ்சள் கதவுக்காரிக்கு உன்மேல் என்ன மதிப்பு இருக்கும்? நம்மை நாமே இரண்டாம் இடத்துக்கு இறக்கிக்கொள்வதா? உனக்குப் பிடித்த வீட்டின் பெயரை மட்டும் எழுது. கெம்பம்மா பேத்தியை வேண்டாம் என்று சொல்ல அவர்களுக்குக் கண் தெரியாமல் போயிருக்க வேண்டும்.

மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அவ்வா

*

ஓசூர்
3.1.2007

அருமை சுவாதிக்கு,

மீதியைப் பார்த்துக்கொள்கிறேன் என்று எழுதினேன் இல்லையா. பார்த்துவிட்டேன்.

நம் பக்கத்தில் ஆள் வரவில்லை என்றாலும் மரியாதையாவது வர வேண்டும். கடைவீதியில் இரண்டு ரவிக்கைத் துணி எடுத்தேன். ஒன்று பச்சை, அரக்கு பார்டர், பார்டரில் சின்னச் சின்ன அன்னப்பட்சி. இன்னொன்று நாவல்பழக் கலர். மஞ்சள், குங்குமம், ஒரு டஜன் கண்ணாடி வளையல். வெற்றிலை வாடிவிடும் என்று கொட்டைப்பாக்கு மட்டும் வைத்தேன். அந்த டாரத்தி அம்மாள் பெயருக்குப் பார்சல் கட்டிப் போன வாரமே தபாலில் போட்டாயிற்று. ஒரு சீட்டும் உள்ளே இருக்கிறது. எங்கள் பெண் தனியாக வருகிறாள், பெரியவர்கள் கூட வந்ததாக நினைத்துக்கொள்ளுங்கள் என்று நான் சொல்லச் சொல்ல பூங்கொடி இங்கிலீஷில் எழுதினாள்.

அவளுக்கு மனசே இல்லை. திருநெல்வேலிக்காரி, எதற்கும் யோசிப்பாள். "ஆச்சி, சுவாதிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு அனுப்புங்களேன். அந்த ஊர்ல இதெல்லாம் எப்படி எடுத்துக்கிடுவாங்களோ" என்றாள். மஞ்சள் குங்குமத்தை எப்படி எடுத்துக்கொள்வார்கள், கையால்தான் என்றேன்.

பென்சில்கூடக் கொடுக்கக் கூடாது என்று நீ எழுதியது மறக்கவில்லை. அது பெண்களுக்குள்ளே இருக்கிற சட்டம். பெரியவள் பெரியவளுக்குச் செய்யும் மரியாதை எந்த ஊரிலும் லஞ்சம் ஆகாது. நான் பென்சிலும் அனுப்பவில்லை.

போனில் சொல்லவில்லை. நல்ல சேதி வந்த பிறகு நீயே தெரிந்துகொள்வாய் என்று இருந்தேன். மனசு கேட்காமல் எழுதிவிட்டேன்.

அவ்வா

*

ஒஹாயோ
19.1.2007

அவ்வாவுக்கு,

உங்கள் கடிதம் நேற்று வந்தது. எல்லாம் முடிந்து நான்கு நாள் கழித்து.

கடைசிச் சுற்றில் செங்கல் வீடும் மஞ்சள் கதவு வீடும் என்னைக் கூப்பிட்டன. மஞ்சள் கதவு வீட்டில் மெழுகுவர்த்தி ஏற்றி வைத்திருந்தார்கள். மேகன் என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். போகும்போது திருமதி டாரத்தி வாசலில் நின்று என் கையைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். அவர் முகத்தில் என்னமோ இருந்தது. எனக்கு அது புரியவில்லை. நான் ஒரு வீட்டின் பெயர் மட்டும் எழுதினேன்.

ஞாயிற்றுக்கிழமை புல்வெளியில் எல்லாரும் கூடினோம். சேர்த்துக்கொண்ட பெண்களுக்குக் கவர் வரும். பிரித்துப் பார்த்துவிட்டுக் கத்திக்கொண்டு அவரவர் வீட்டுக்கு ஓடுவார்கள். ஓடினார்கள். என் வழிகாட்டி என்னைத் தனியாக அழைத்துப்போய், மன்னித்துக்கொள், உனக்குக் கவர் இல்லை என்றாள்.

ஏன் என்று நான்கு நாளாக யோசித்தேன். என் உடுப்பா, பேச்சா, நிறமா என்று ஒவ்வொன்றாக யோசித்தேன். உங்கள் கடிதம் வந்த பிறகு யோசிக்க வேண்டியிருக்கவில்லை. அந்த அம்மாள் என் கையை ஏன் பிடித்தார் என்று இப்போது தெரிகிறது. தேர்வு நடக்கும்போது ஒரு பெண்ணின் வீட்டிலிருந்து துணியும் வளையலும் வந்தால் அவர் என்ன செய்ய முடியும்?

நான் அவ்வளவு தெளிவாக எழுதியிருந்தேன். படித்தீர்கள். படித்தும் செய்தீர்கள். உங்களுக்கு எப்போதும் உங்கள் கௌரவம்தான். நான் இங்கே யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறேன் என்பது இல்லை.

இனி எனக்கு எழுத வேண்டாம்.

சுவாதி

*

ஓசூர்
4.2.2007

சுவாதிக்கு,

எழுத வேண்டாம் என்றாய். இந்த ஒரு கடிதம் மட்டும்.

'நீங்கள்' என்று எழுதியிருக்கிறாய். பேச ஆரம்பித்த நாள் முதல் நீ என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை. அந்த இடத்தில் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டேன். மிச்சத்தை மறுநாள்தான் படித்தேன்.

தப்பு என்னுடையதுதான். பூங்கொடி சொன்னாள், நீயும் எழுதியிருந்தாய், நான் கேட்கவில்லை. அந்த அம்மாளிடம் போய், அந்தக் கிழவிக்கு எங்கள் ஊர் வழக்கம்தான் தெரியும், பேத்திக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்ல முடியுமா? முடிந்தால் சொல். என்னை எவ்வளவு வேண்டுமானாலும் குறைத்துச் சொல்.

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் அம்மாவோடும் அப்பாவோடும் பேசுவது எனக்குக் கேட்கிறது. உன் அப்பன் கேட்கிறான், "என்ன சண்டை உங்க ரெண்டு பேருக்கும்? அவ உன்னக் கேக்கவே மாட்டேங்கறா." காது சரியாகக் கேட்கவில்லை, அதனால் போன் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். நீயும் அதையே சொல்.

அவ்வா

*

ஓசூர்
25.3.2007

சுவாதிக்கு,

ஒரு கடிதம் மட்டும் என்றேன். இது இரண்டாவது. பதில் எழுத வேண்டாம்.

பூங்கொடிக்குக் கல்யாணம் நிச்சயம் ஆகிவிட்டது. கல்யாணத்தை ஊரில் வைத்துக்கொள்கிறார்கள். மே மாதம். மாப்பிள்ளையும் இங்கே சிப்காட்டில்தான் வேலை.

எனக்கு ஒன்றுதான் சொல்ல வேண்டும். அன்றைக்கு நடந்ததற்கு நான்தான் காரணம். உன் உடுப்பு, பேச்சு, நிறம் என்று எழுதியிருந்தாயே, அதையெல்லாம் மறுபடி எடுத்துப் பார்க்காதே. உன்னிடம் ஒரு குறையும் இல்லை. கிழவி ஒருத்தி கெடுத்தாள், அவ்வளவுதான். அப்படியே நினைத்துக்கொள்.

அவ்வா

*

ஒஹாயோ
10.6.2007

அன்பு அவ்வாவுக்கு,

பூங்கொடி அக்கா கல்யாண போட்டோக்களை மெயிலில் அனுப்பியிருந்தாள். மறுவீட்டுப் படத்தில் பச்சை ரவிக்கை. அரக்கு பார்டர், அதில் அன்னப்பட்சி. உன் கடிதத்தை எடுத்து மறுபடி படித்தேன். அப்புறம் அவளுக்கே எழுதிக் கேட்டேன். அவளுக்கு நான் கேட்பதே புரியவில்லை. 'அந்தப் பார்சல் மார்ச்சிலேயே திரும்பி வந்துவிட்டதே. மேலே ஒட்டிய சீட்டில் பாக்கு என்று இருந்ததால் அமெரிக்காவில் உள்ளே விடவில்லை, பிரிக்காமலேயே அனுப்பிவிட்டார்கள். ஆச்சி உனக்கு எழுதவில்லையா?' என்று பதில் போட்டிருக்கிறாள்.

நீ எழுதவில்லை. பார்சல் திரும்பி வந்த பிறகுதான் அந்த இரண்டாவது கடிதத்தை எழுதியிருக்கிறாய். கையில் பார்சலை வைத்துக்கொண்டு, நான்தான் கெடுத்தேன் என்று எழுதியிருக்கிறாய்.

திருமதி டாரத்தி என் கையைப் பிடித்தது எதற்கும் இல்லை, அவ்வா. எல்லாப் பெண்களுடைய கையையும் அவர் அப்படித்தான் பிடித்திருப்பார். அவர்கள் என்னைப் பார்த்தார்கள், பேசினார்கள், வேறு பெண்களை எழுதினார்கள். அவ்வளவுதான் நடந்தது. ஐந்து மாதம் நான் அதை யோசிக்காமல் இருந்தேன். உன்னைத் திட்டிக்கொண்டிருந்ததால் யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. ரெனீயைக் கடைசி வாரம் லேபில் பார்த்தேன். படிப்பு முடிந்து ஊருக்குப் போகிறாள். கேட்காமல் இருந்திருக்கலாம், கேட்டுவிட்டேன். அவர்கள் என் பெயரை எல்லாருக்கும் மேலே எழுதியிருந்தார்களாம். அந்த ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேஜையில் எனக்கென்று நாற்காலி போட்டு, அதில் என் பெயரை எழுதி ஒட்டி வைத்திருந்தார்களாம். "நீ எங்களை எழுதவே இல்லைன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. பரவால்ல" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

நீ சொன்னதால்தான் ஒரு பெயர் எழுதினேன் என்று சொல்ல மாட்டேன். உன் கடிதம் வருவதற்கு முன்பே எனக்கு அந்தக் கிழிந்த சோபா பிடிக்கவில்லை. நீ எழுதியது எனக்குச் சௌகரியமாக இருந்தது, எடுத்துக்கொண்டேன். எனக்காக வாசலில் நின்றவளை விட்டுவிட்டு, யாரைப் பார்த்து எல்லாரும் திரும்புகிறார்களோ அவர்கள் பின்னால் போனேன். அடுத்த வருஷம் போகலாம் என்கிறார்கள். எனக்கு மனசில்லை. ரெனீ அங்கே இருக்க மாட்டாள்.

லீவுக்கு வர முடியவில்லை, லைப்ரரியில் வேலை கிடைத்திருக்கிறது. நீ ஏன் சொல்லவில்லை?

உன் சுவாதி

*

ஓசூர்
27.6.2007

அருமைப் பேத்தி சுவாதிக்கு,

'உன் சுவாதி' என்று இருந்தது. அதை முதலில் பார்த்தேன்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்கிறாய். பார்சல் திரும்பி வந்த அன்று தபால்காரர், "வாங்கிக்கலியாம்மா, கையெழுத்துப் போடுங்க" என்றார். கையெழுத்துப் போட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்தேன். பழி தீர்ந்தது என்று முதலில் நிம்மதியாகத்தான் இருந்தது. உன் அப்பன் செல்லை எடுத்துவரச் சொல்லி உன்னைக் கூப்பிட இருந்தேன். அப்புறம்தான் தோன்றியது. நான் இல்லை என்றால் பிறகு யார்? மறுபடி நீ கண்ணாடி முன்னால் நின்று உன்னையே பிரித்துப் பிரித்துப் பார்ப்பாய். உன்னைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்ற ஒரு வீடு இருப்பதைவிட, புத்தி கெட்ட ஒரு கிழவி இருப்பது உனக்குச் சுலபம் என்று விட்டுவிட்டேன். பூங்கொடிக்குத் துணியைக் கொடுத்தபோது போட்டோ அங்கே வரைக்கும் வரும் என்று யார் நினைத்தது.

ஆனால் உன் கடிதத்தைப் படித்த பிறகு அதுவும் நிற்கவில்லை. பார்சலுக்காக நான் பழி சுமந்தேன், அது எங்கேயும் போகவில்லை. போய்ச் சேர்ந்தது என் டிசம்பர் கடிதம்தான். ஒரு வீட்டின் பெயர் மட்டும் எழுது என்று நான் எழுதினது. அதற்கு யாரும் என்னைத் திட்டவில்லை, நானும் அதை நினைக்கவில்லை. அந்தப் பெண் நாற்காலி போட்டு உன் பெயரை எழுதி ஒட்டி வைத்திருந்தாள் என்று படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

உன்னிடம் ஒன்று சொல்லாமல் விட்டிருக்கிறேன். காவேரிப்பட்டணத்துக்காரர்கள் நாங்கள் சொல்லி அனுப்புவோம் என்று ஒரு வாரம் காத்திருந்தார்களாம். அவர்களுக்கு இல்லை என்றுகூட யாரும் போய்ச் சொல்லவில்லை. பேரிகைக்கு வாக்குக் கொடுத்ததோடு என் அப்பாவின் கௌரவம் முடிந்துவிட்டது. எனக்கும் இத்தனை வருஷத்தில் அவர்கள் ஞாபகம் வந்ததில்லை. இப்போதுதான் வருகிறது.

ரெனீயின் ஊர் விலாசம் உன்னிடம் இருக்கும். எனக்கு அனுப்பு. நாவல்பழக் கலர் துணியும் வளையலும் இன்னும் அப்படியே இருக்கின்றன. அவளுக்கு அனுப்புகிறேன். இப்போது அவளிடம் கேட்பதற்கு நமக்கு ஒன்றும் இல்லை, அதனால் எந்தச் சட்டமும் தடுக்காது. நாற்காலி போட்டவளுக்கு மரியாதை, அவ்வளவுதான். பாக்கு வைக்க மாட்டேன். உள்ளே வைக்கும் சீட்டை இந்தத் தடவை நீயே எழுதிக் கொடு. பூங்கொடி புருஷன் வீட்டுக்குப் போய்விட்டாள். மேலும், அதில் என்ன எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை போன் செய்யும்போது உன் அப்பனிடம் சொல்லி என்னிடம் கொடுக்கச் சொல். காது சரியாகிவிட்டது என்று சொல்லிக்கொள்கிறேன். ஸ்பீக்கரில் போடுவான், பக்கத்தில் நிற்பான். நிற்கட்டும். நான் சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்கிறேன். யாரோடு உட்கார்ந்து என்று கேட்க மாட்டேன். நீயாகச் சொன்னால் கேட்டுக்கொள்கிறேன்.

அவ்வா